ஃப்ளெட்சர்–பீட்டோ வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:
நான் இயன்முறை மருத்துவ மாணவி. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழல் அடைபட்டு மூச்சுத்திணறல் உண்டாக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்) பற்றிய வகுப்புகளில் ஒரே வரைபடத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். வயது ஏற ஏற நுரையீரலின் திறன் சரிவதையும், 45 வயதிலோ 65 வயதிலோ புகைப்பதை நிறுத்தியவரின் கோடு சாய்வு குறைந்து பிரிந்து செல்வதையும் அது காட்டுகிறது. இது யாரை, எத்தனை காலம் அளந்து வரைந்த படம்? நெடுநாள் சளி கட்டியிருப்பதுதான் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடுகிறது என்று எங்கள் ஊரில் பலரும் சொல்வதை இந்த ஆய்வு ஏற்கிறதா?

முதல் பதில்:
லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த சார்ல்ஸ் ஃப்ளெட்சரும் புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவும் 1977-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரையில் வந்த படம் அது. மேற்கு லண்டனில் வேலை பார்த்த, 30 முதல் 59 வயது வரையிலான ஆண்களை 1961 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள், முடிவுகள் 792 பேரின் அளவீடுகளை வைத்து எழுதப்பட்டவை. மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்து, ஒரே வீச்சில் குழாய்க்குள் ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டார்கள்.

சளி பற்றிய உங்கள் கேள்விதான் அந்த ஆய்வின் உயிர்நாடி. சளி மிகுதியும் அடிக்கடி வரும் தொற்றும் சேர்ந்தே மூச்சுக்குழலை அடைத்துவிடுகின்றன என்பதுதான் அக்காலத்தில் பிரிட்டனில் வேரூன்றியிருந்த கருத்து. இரண்டுக்கும் காரணம் புகை என்றாலும், சளி ஒரு கோளாறு, காற்றோட்டத் தடை வேறொரு கோளாறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். புகைப்பவர்களிலும் பலருக்குப் பெரிய அடைப்பு வருவதில்லை. எளிதில் பாதிக்கப்படும் ஒரு பகுதியினருக்கே சரிவு வேகமெடுக்கிறது. அவர்கள் புகைப்பதை நிறுத்தினால், இழந்தது திரும்பாவிட்டாலும், அதற்குப் பிறகான சரிவு புகைக்காதவரின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதில் பிழையில்லை. ஆனால் படத்தை அளவீடாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எட்டு ஆண்டு அளவீட்டைக் கொண்டு 25 வயது முதல் 75 வயது வரை நீட்டி வரையப்பட்ட விளக்கப்படம் அது. எந்தத் தனிமனிதரையும் அத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்து அந்தக் கோட்டை வரையவில்லை. ஆய்வில் பெண்களும் இல்லை. விறகடுப்புப் புகையைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டுப்போன பெண்களை நம் ஊரில் பார்க்கும் நாம் இதை மறக்கக் கூடாது. சளியைப் பொறுத்தும் முடிவு அவ்வளவு அறுதியானதல்ல. நாட்பட்ட சளிக்கும் வேகமான சரிவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கோபன்ஹேகன் நகரில் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

எல்லாரும் முழுத் திறனோடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள் என்ற அனுமானம்தான் இதைவிடப் பெரிய சிக்கல். 2015-இல் பீட்டர் லாங்கேயும் சக ஆய்வாளர்களும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வில், சி.ஓ.பி.டி. வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நாற்பது வயதுக்கு முன்பே முதல் நொடிக் காற்றளவு குறைவாக இருந்தவர்கள். அவர்களுடைய சரிவு ஆண்டுக்குச் சராசரியாக 27 மில்லிலிட்டர்தான். மற்ற பாதியினருக்கு 53. ஆகவே குழந்தைப் பருவத்தில் நுரையீரல் சரியாக வளராமல் போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாம் பதில்:
நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு இந்தப் படத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பவர்களைச் சேர்த்து நடந்த நுரையீரல் நல ஆய்வின் பதினோராம் ஆண்டுக் கணக்குப்படி, விடாமல் புகைத்த ஆண்கள் முதல் நொடிக் காற்றளவில் ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் வீதம் இழந்தார்கள், விட்டவர்கள் 30 மில்லிலிட்டர் வீதம். நோயாளியிடம் பேசும்போது நான் இந்த எண்களைத்தான் சொல்வேன். வரைபடத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், 65 வயதில் பிரியும் கோட்டைக் காட்டுங்கள். ‘இனி விட்டு என்ன ஆகப்போகிறது’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு அது உடனே பிடிபடும்.