நெவாடாவின் புல்தரைத் தடையும் தோட்டச் செடித் தடைகளும்: நேரில் கண்டவற்றைப் பகிருங்கள்

ஹெண்டர்சன்வாசி

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் கொண்டுவந்த ஏபி 356 என்ற புல்தரைத் தடைச் சட்டத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2027 ஜனவரி 1 முதல் வெறும் அழகுக்கான புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீர் கிடையாது என்பதால், எங்கள் குடியிருப்போர் சங்கமும் நடைபாதையோரப் புல்லை உரித்துவிட்டுச் சரளைக்கல் பரப்பியது. புல் போனதில் எனக்குக் குறையொன்றுமில்லை. மறக்க முடியாதது, அதற்குச் சில நாள் கழித்து விடியற்காலையில் கண்டது. தெளிப்பான்களை அடைக்க மறந்துவிட்டார்கள் போலும். அவை வழக்கமான நேரத்தில் தலைதூக்கி வெறுங்கல்லின் மீது நீரை வாரி இறைக்க, அந்நீர் தெருவோரமாக ஓடிக்கொண்டிருந்தது. நீர் விரயத்தைக் கண்காணிக்கும் அலுவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி அதைக் காணொளியாக எடுத்துக்கொண்டிருந்தார். "இது எங்கள் வீட்டு நீரல்ல, சங்கத்தினுடையது" என்றேன். "எல்லாம் மீட் ஏரித் தண்ணீர்தான்" என்று, எங்களுக்கெல்லாம் நீர் தரும் கொலராடோ ஆற்று நீர்த்தேக்கத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் எடுப்பதைத் தொடர்ந்தார். அடுத்தபடியாக நம் வீட்டு முற்றத்துப் புல்லையும் எடுக்கச் சொல்வார்கள் என்றே தோன்றுகிறது.

சரளைத்தோட்டம்

கடைசி வரியை ஏற்க முடியாது. தனி வீடுகளின் புல்லை இச்சட்டம் தொடவே இல்லை. சாலை நடுத்திட்டு, வணிக வளாக முகப்பு, சங்கங்களின் பொதுவிடம் போன்றவற்றில் பயனின்றிக் கிடக்கும் புல்லைத்தான் அது குறிவைக்கிறது. விளையாட்டுத் திடலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் விலக்கு உண்டு. புதிய வீடுகளின் முன்புறம் புல் கூடாது என்ற விதி 2003 முதலே இருப்பது வேறு சங்கதி.

நான் கண்டது ஒரே ஒரு மரம். எங்கள் அலுவலக வளாகத்தில் புல்லை எடுத்த அடுத்த கோடையில், நிழல் தந்துகொண்டிருந்த ஆஷ் மரம் ஜூலையிலேயே இலை கருகி நின்றது. புல்லுக்குப் பாய்ந்த நீரில்தான் அது அத்தனை காலம் பிழைத்திருந்தது என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே ஹெண்டர்சன்வாசி அவர்களே, உங்கள் தெருவில் மரங்கள் இருந்தால் இன்றே சங்கத்தாரிடம் பேசுங்கள். தெளிப்பானை அடைப்பதற்கு முன்பே மரத்துக்கெனத் தனிச் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும். அடிமரத்தை ஒட்டி ஒரே ஒரு சொட்டுவாய் வைத்தால் போதாது. நீரை உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் விளிம்பு வரையிலும் அதற்கு அப்பாலும் பரவியிருப்பதால், வளையம் வளையமாக வைத்து, மரம் வளர வளர வெளியே நகர்த்த வேண்டும். தினமும் சிறிது ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே நல்லது. சரளையை அடிமரத்தின் மேல் குவிக்கக் கூடாது. சதுர அடிக்கு ஆண்டுக்குப் புல் 73 கேலனும் பாலைநிலச் செடிகள் 18 கேலனும் குடிப்பதாகத் தெற்கு நெவாடா நீர் ஆணையமே கணக்குச் சொல்கிறது; மிச்சமாகும் 55 கேலனில் மரத்துக்கு ஒரு பங்கு கொடுத்தால் ஏரி வற்றிவிடாது.

கொலம்பஸ் தோட்டக்காரன்

மரம் என்றாலே காப்பாற்ற வேண்டியது என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே ஒஹாயோவில் 2023 ஜனவரி 7 முதல் கேலரி பேரி என்ற அலங்காரப் பூமரத்தை விற்பதும் நடுவதும் குற்றம். ஐந்து ஆண்டு அவகாசம் தந்துதான் தடையைக் கொண்டுவந்தார்கள். ஆயினும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், ஒரு நாற்றங்காலில் மீதமிருந்த கன்றுகளைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, "தடை வருவதற்குள் நட்டுவிட்டால் யாரும் வெட்டச் சொல்ல மாட்டார்கள்" என்று சிரித்தார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஏற்கெனவே நிற்கும் மரங்களை வெட்டக் கட்டாயமில்லை. ஆனால் அம்மரத்தின் பிராட்ஃபோர்டு வகை தன் மகரந்தத்தால் காய்க்காவிட்டாலும், பக்கத்திலுள்ள வேறு வகையோடு கலந்து காய்க்கும். பறவைகள் விதைகளைக் கொண்டுபோய்ப் போட்ட தரிசு நிலங்களெல்லாம் இன்று முட்புதராகிக் கிடக்கின்றன. வசந்தத்தில் அந்தப் பூவின் அழுகிய மீன் வாடையை முகர்ந்தவர்கள் அந்த மனிதரின் சிரிப்பை என்னைப் போலவே வெறுப்பார்கள்.

கல்லும்முள்ளும்

லாஸ் வேகாஸிலும் இப்படி ஒரு மரத்தைத் தடைசெய்வது புதிதல்ல. மகரந்த ஒவ்வாமையின் பொருட்டு ஆண் மல்பெரி மரத்துக்கு 1991 முதலே தடை இருக்கிறது. எங்கள் சங்கக் கூட்டத்தில், புல்லை எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியலில் பச்சை ஃபவுண்டன் புல் என்ற அலங்காரப் புல்லைக் கண்டு திகைத்தேன். நெவாடா அதை முதல் வகைத் தீங்குக் களையாக அறிவித்திருக்கிறது. எங்கே முளைத்தாலும் ஒழிக்க வேண்டியது அது. இதைச் சொன்னதும் சங்கத் தலைவர் அந்தப் புல்லின் படத்தைத் தூக்கிக் காட்டி, "எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்" என்றார். அருகிலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பதிலாக டியர் கிராஸ் என்ற வேறொரு அலங்காரப் புல்லை வைக்கலாமே என்று நான் எழுதிக் கொடுத்ததை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.