லோலா வழக்கில் நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

கறுப்பங்கி:
"ஆவணங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் ஒப்பந்த வழக்கறிஞர்கள் செய்வது வழக்கறிஞர் தொழிலே அல்ல என்று 2015இல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது, ஏஜென்சி கொடுக்கும் மணிக்கூலியே அவர்களுக்கு அதிகம்" என்று கோப்புக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. லோலா வழக்கில் அப்படியொரு தீர்ப்பே கிடையாது. கலிபோர்னியாவில் பதிவு பெற்ற லோலா என்ற வழக்கறிஞர், வட கரோலினாவில் இருந்தபடி, தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்கு மணிக்கு 25 டாலருக்கு வேலை பார்த்தார். வாரத்துக்கு 45 முதல் 55 மணி நேரம் உழைத்தும், 40 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரப்படவில்லை. வழக்கறிஞர்களுக்கு ஓவர்டைம் கிடையாது என்ற விதிவிலக்கைக் காட்டிக் கீழமை நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, மனுவில் சொல்லப்பட்டவற்றை உண்மை என்று கொண்டால் வழக்கு நடக்கலாம் எனக் கூறி, அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான்.

கோப்புக்காரன்:
தீர்ப்பை நானும் படித்தவன்தான். ஓர் இயந்திரமே முழுமையாகச் செய்துவிடக்கூடிய வேலையைச் செய்பவர் வழக்கறிஞர் தொழில் செய்வதாகக் கூற முடியாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக அதிலேயே பதிவாகியிருக்கிறது. நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தவன். திரையின் இடப்பக்கம் யாரோ ஒரு மேலாளரின் மின்னஞ்சல், வலப்பக்கம் 'ரெஸ்பான்சிவ்' (எதிர்த்தரப்பு கேட்டதோடு தொடர்புள்ளது), 'பிரிவிலேஜ்' (வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம், காட்டத் தேவையில்லாதது) என்று கட்டங்கள். ஒன்றைச் சொடுக்கினால் அடுத்தது வரும், மணிக்கு எத்தனை முடித்தோம் என்பதை மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். இதில் சட்ட அறிவு எங்கே இருக்கிறது?

கறுப்பங்கி:
ஒப்புக்கொண்டது வழக்காடியவர்கள், அந்த வேலை அத்தகையதுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. வழக்கு விசாரணைக்கே போகாமல் 75,000 டாலரில் சமரசமாக முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஹெனிக் வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் இதே ஆவணப் பணியை வழக்கறிஞர் தொழில் என்றே கொண்டு ஓவர்டைம் கோரிக்கையை நிராகரித்தது. ஒரு மின்னஞ்சலில் வழக்கறிஞர் பெயர் இருந்தாலே அது பிரிவிலேஜ் ஆகிவிடாது. கேட்டது சட்ட ஆலோசனையா, வியாபார யோசனையா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அது வழக்கறிஞர் வேலை அல்ல என்றால் ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும். "கொடுப்பதே அதிகம்" என்ற உங்கள் முடிவை உங்கள் வாதமே வெட்டுகிறது.

அண்ணாசாலை:
இது அமெரிக்காவோடு முடிந்துபோகிற கேள்வி அல்ல. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்று எழுந்த ஏ.கே. பாலாஜி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012இலும் உச்ச நீதிமன்றம் 2018இலும் இதே கேள்வியைத் தொட்டன. இங்கிருந்து வெளிநாட்டு வேலையைச் செய்து தரும் பி.பி.ஓ. நிறுவனங்கள், சாராம்சத்தில் வழக்கறிஞர் தொழிலையே செய்தாலொழிய, வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் வர மாட்டா என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆனால் முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்வதால், அங்கே சேரும் பிள்ளைகள் நீதிமன்றத்தையும் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

கோப்புக்காரன்:
நன்றி, என் பக்கத்துக்கு உச்ச நீதிமன்றமும் வந்துவிட்டது. கறுப்பங்கி எந்த விவாதத்திலும் இப்படித்தான். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். ஒரு நாளாவது அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இப்படிப் பேச மாட்டார்.

அண்ணாசாலை:
உங்கள் பக்கம் வரவில்லை, ஐயா. "செய்தாலொழிய" என்ற நிபந்தனையை விழுங்கிவிட்டு மேற்கோள் காட்டுவது முறையல்ல.

ஜெர்சிவாசி:
நீங்கள் சண்டையை முடிப்பதற்குள் இருக்கையே காணாமல் போய்விடும். 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலை கிடைக்காத சட்டப் பட்டதாரிகள் இந்தத் தற்காலிகப் பணிகளில்தான் வந்து குவிந்தார்கள். 2012இல் அமெரிக்காவில் டா சில்வா மூர் வழக்கில், கணினியே ஆவணங்களைத் தரம் பிரிக்கும் முறையை நீதிபதி ஆண்ட்ரூ பெக் ஏற்றுக்கொண்டார். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது.

கறுப்பங்கி:
கணினி வரட்டும், கூலிக் கணக்கு மாறாது. ஒப்பந்த வழக்கறிஞரின் பணியைச் சட்டச் சேவைக் கட்டணமாகக் கட்சிக்காரரிடம் வசூலித்தால், நியாயமான அளவில் கூடுதல் தொகை வைத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லவும் தேவையில்லை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2000ஆம் ஆண்டிலேயே கருத்துரை வழங்கியது. கட்சிக்காரரின் ரசீதில் சட்டச் சேவையாக இருப்பது, உழைத்தவனின் கூலிச் சீட்டுக்கு வரும்போது வெறும் சொடுக்கலாகிவிடுகிறதா? நான் எந்த இருக்கையில் உட்கார்ந்தேன் என்பது தீர்ப்பின் வாசகத்தை மாற்றாது. ஆவணப் பணி வழக்கறிஞர் தொழில் அல்ல என்று பொதுவாக விதித்த வரி லோலா தீர்ப்பில் எந்தப் பத்தியில் இருக்கிறது?

கோப்புக்காரன்:
இயந்திரம் பற்றிய பத்தியை மறுபடியும் படியுங்கள்.

கறுப்பங்கி:
அது வழக்காடியவர்களின் ஒப்புதல் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். நான் கேட்டது நீதிமன்றம் விதித்ததை.