போட் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது, அவசரம்

மண்டபம்_தம்பி:
அண்ணன்மார்களே, போட் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடுகிறது. டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். ஃபில்டர் புதிது. ஜூன் 14ஆம் தேதி நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, ஓனர் கத்துகிறார். மேஸ்திரி ஊரில் இல்லை, நான் அவரிடம் தொழில் பழகுகிறவன். என்ன பார்க்கலாம்?

தொண்டி_டீசல்:
என்ன எஞ்சின்? எத்தனை சிலிண்டர்? பம்ப் இன்லைனா, ரோட்டரியா? புகை என்ன நிறம்? பட்டென்று நிற்கிறதா, ஆர்.பி.எம். இறங்கி நிற்கிறதா? இதில் ஒன்றும் சொல்லாமல் என்ன பார்க்கலாம் என்றால், கடலைப் பார்க்கலாம்.

கீழக்கரை_பாய்:
டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கிற பீட் பம்ப்பின் வால்வு போயிருக்கும். எங்கள் போட்டிலும் இதே கதைதான். மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, எஞ்சின் முன்னால் நின்றால் முதலில் புகையைப் படிக்கத் தெரிய வேண்டும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. எங்கள் காலத்தில் இது தெரியாதவனை ஷெட்டுக்குள் விடவே மாட்டார்கள். இப்போது வீடியோ பார்த்துவிட்டு ஸ்பேனர் எடுத்துவிடுகிறார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலின் கோளாறு இது. எல்லாவற்றையும் கழற்றி டெஸ்ட் பண்ணு.

மண்டபம்_தம்பி:
லேலண்ட், 6 சிலிண்டர், இன்லைன் பம்ப். புகை பெரிதாக இல்லை. ஆர்.பி.எம். இறங்கி இறங்கி நிற்கிறது. ஐடிலில் ரொம்ப நேரம் தாங்குகிறது, ரேஸ் கொடுத்தால் சீக்கிரம் நிற்கிறது. ஓடும்போதே நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணிப் பார்க்கவா?

தொண்டி_டீசல்:
நாசில் ஒன்று போனால் எஞ்சின் மிஸ் அடிக்கும், புகை தள்ளும், இப்படி நிற்காது. ஆறும் ஒரே நாளில் சேர்ந்து போகாது. அதை விடு. எப்போதாவது நாசில் பைப்பைத் தொட நேர்ந்தால் கையை மட்டும் எதிரில் நீட்டாதே. 200 பார் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

உச்சிப்புளி_ஹிட்டாச்சி:
நான் மண் அள்ளுகிற வண்டி மெக்கானிக், போட் அதிகம் தெரியாது. ஆனால் டீசல் லைன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எஞ்சின் நின்ற உடனே, ஃபில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் திறந்து ஹேண்ட் பம்ப் அடி. நுரை நுரையாக வந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது: பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டது, ஹோஸ் கிளிப் லூஸ், இப்படி. நுரை இல்லாமல், ஹேண்ட் பம்ப்பை மேலே இழுக்கவே கஷ்டமாக இருந்தால் டேங்க்கிலிருந்து டீசல் வரவில்லை. இரண்டும் வேறு வேறு வியாதி. இதைப் பிரித்துக்கொள்ளாமல் பீட் பம்ப்பை மாற்றினால் காசுதான் போகும்.

கீழக்கரை_பாய்:
பீட் பம்ப் இல்லை என்றால் இன்றைய டீசல்தான் காரணம். பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசலில் சத்தே இல்லை. பழைய பம்ப் எல்லாம் தேய்ந்துபோகிறது. நான் டேங்க்குக்குக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் ஊற்றிவிடுவேன்.

தொண்டி_டீசல்:
பாய், பாதிதான் உண்மை. 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முன் பி.எஸ். 4-இல் 50. கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலின் வழுவழுப்பும் சேர்ந்து போகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்க்கிறார்கள். தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழுகிற தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரக் கணக்கே இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் எதற்கு ஊற்ற வேண்டும்?

பழைய_ஸ்பேனர்:
மைக்ரான் எல்லாம் புத்தகத்தில். பம்ப் பிளஞ்சரைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். நான் ஊற்றுவேன்.

தொண்டி_டீசல்:
ஊற்றுங்கள் அண்ணே. ஆனால் இந்த எஞ்சின் நிற்கிறதற்கும் அதற்கும் சம்பந்தம் என்ன?

மண்டபம்_தம்பி:
நுரை இல்லை. ஹேண்ட் பம்ப் இழுக்கவே வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே லேசாகிவிடுகிறது. போன வாரம் டிரையல் ஓட்டியபோது இந்தப் பிரச்சினையே இல்லை, முந்தாநாள் ஃபுல் டேங்க் அடித்த பிறகுதான்.

பழைய_ஸ்பேனர்:
இதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்! டீசலில் தண்ணீர். டேங்க் அடி டிரெயினைத் திற.

உச்சிப்புளி_ஹிட்டாச்சி:
தண்ணீரையும் பார், ஆனால் தண்ணீர் என்றால் சும்மா விட்டதும் லேசாகாது. தடைக்காலத்தில் போட்டுக்குப் பெயிண்ட் அடித்தீர்களா? டேங்க்குக்குள் காற்று போகிற வென்ட் பைப் எங்கே இருக்கிறது?

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது இல்லையா, அதேதான். வென்ட் அடைத்திருந்தால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் ஏறும், பீட் பம்ப்பால் இழுக்க முடியாது. நிறுத்தினால் மூடி ஓரத்தில் மெல்லக் காற்று புகுந்து லேசாகும், அதை நீ ஏர் எடுத்ததால் சரியானது என்று நினைத்திருப்பாய். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய, வெற்றிடம் மெதுவாகத்தான் ஏறும். ஃபுல்லாக இருந்தால் மேலே கொஞ்சம்தான் காற்று, சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ரேஸ் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். போட் கரையில் கட்டியிருக்கும்போதே டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்.

கீழக்கரை_பாய்:
மூடியைத் திறந்துவைத்துக் கடலுக்குப் போய்விடாதே தம்பி. அலை குறைந்த வடகடல் என்றாலும் அலை தெறிக்கும், டேங்க்குக்குள் உப்புத்தண்ணீர் போனால் அப்புறம் பம்ப்புக்கே செலவு.

மண்டபம்_தம்பி:
மூடி திறந்து ஓட்டினேன், நிற்கவே இல்லை. வென்ட் வாயில் துணி சுருட்டி வைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எடுத்தாச்சு. நன்றி அண்ணே.

தொண்டி_டீசல்:
துணி முழுதாக வந்ததா, நூல் ஏதாவது உள்ளே தங்கியதா என்று ஊதிப் பார். வென்ட் வாய் கீழ்ப்பக்கம் வளைந்திருக்க வேண்டும், நேராக இருந்தால் தண்ணீர் இறங்கும்.

கீழக்கரை_பாய்:
தம்பி போய்விட்டார் போல. சரி, அந்த 460 மைக்ரான் பங்கில் வருகிற டீசலுக்கா, ஆலையிலிருந்து கிளம்புகிற டீசலுக்கா?