‘குழித்துறை வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழு: டிசம்பர் 31 இரவு

அண்ணன் பெங்களூரு: இந்த வருடம் நான் முடித்தது 6 புத்தகம்தான். ஆனால் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை இரண்டு தடவை வாசித்தேன். கதை நடக்கும் நாகர்கோவிலில் 3 வருடம் காலேஜுக்குப் போயும் அந்த ஊரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அதில் வரும் தாமோதர ஆசான் கதை சொல்ல உட்கார்ந்தால் எனக்கு வேலையே ஓடவில்லை. உங்களுக்கெல்லாம் எது பிடித்தது?

சித்தி: எனக்குத் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. தேங்காய்ப்பட்டணத்துக்கு எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்! அங்கே ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதற்கு அவ்வளவு எதிர்ப்பு. அகமதுகண்ணு முதலாளி மேல் வந்த கோபம் ஒரு வாரம் போகவில்லை.

மாமா பாறசாலை: மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர். சுந்தர ராமசாமியும் 18 வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். நம் அம்மையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

அண்ணன் பெங்களூரு: தங்கச்சி, நீ சொல்லவே இல்லையே.

நான்: நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’. 1968-ல் வந்த நாவல். பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பேசுவது தமிழ், வாசிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்குள் பாட்டி பள்ளியை விட்டாகிவிட்டது. அதனால் ஆடி மாதத்திலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு 10 பக்கம். இரணியல் செட்டியார் வீட்டுப் பேச்சு வரும் இடங்களில் நான் தடுமாறுவேன். பாட்டி அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்.

நாகம்மை மேல் பழி சொல்லிப் புருஷன் வீட்டிலிருந்து அனுப்பிவிடும் இடம் வந்ததும், “போதும், மூடி வை” என்றார். மறுநாளும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாம் நாள் அவரே விளக்கைப் போட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி 2 வருடத்தில் குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கடைசிவரை அடுக்களைக்குப் பக்கத்து அறையிலேயே இருந்தாராம்.

மாமா பாறசாலை: மக்ளே, அம்மை எங்களிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் நம் வீட்டில் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு 62 வயதாகிறது.

சித்தி: நானும் அப்படித்தான். தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிட்டு அவர் பெயரே எனக்கு மறந்துவிட்டது அண்ணா.

அண்ணன் பெங்களூரு: அவருடைய போட்டோ ஏதாவது இருக்கிறதா?

மாமா பாறசாலை: இல்லை.

நான்: இன்னொரு விஷயம் மாமா. கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் முடிந்துவிட்டது. இப்போது காலண்டரில் உள்ள சின்ன எழுத்தையும் பாட்டி வாசிக்கிறார். உங்களிடம் மலையாளப் புத்தகம் கேட்கச் சொன்னார்.

மாமா பாறசாலை: தகழியின் ‘செம்மீன்’ இருக்கிறது. 1957-ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் சுந்தர ராமசாமிதான்.

அண்ணன் பெங்களூரு: தமிழ்ப் புத்தகம் என்னிடம் உண்டு, கூரியரில் அனுப்புகிறேன். ஒரு அத்தியாயம் பாட்டி மலையாளத்தில் வாசிக்கட்டும், அதையே நீ தமிழில் வாசி. நான் வீடியோ காலில் இருக்கிறேன்.

சித்தி: ‘செம்மீன்’ கருத்தம்மா கதையும் துக்கம்தானே. அம்மைக்கு இப்போது அது வேண்டுமா?

நான்: கேட்டேன் சித்தி. கதை தெரியுமாம். 1965-ல் படம் வந்தபோது அக்காவோடு திருவனந்தபுரம் போய்ப் பார்த்தாராம்.

மாமா பாறசாலை: பெரியம்மா சினிமாவுக்குப் போனாரா?

நான்: போயிருக்கிறார். உங்களுக்கு அப்போது 2 வயது. படம் முடியும்வரை உங்களை மடியில் வைத்திருந்தது அவர்தானாம்.

சித்தி: அண்ணா?

மாமா பாறசாலை: இருக்கிறேன். ஞாயிறு 4 மணிக்குப் புத்தகத்தோடு வருகிறேன். பெரியம்மாவின் பெயரை அம்மையிடம் கேட்டு வை மக்ளே.