அரை மணி கழி, அரை மணி கூட்டு

போன ஜூனில் லாஸ் வேகாஸில் காரை வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் சுற்றினோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. சையன், பிரைஸ், பேஜ், கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி என்று அமெரிக்கத் தென்மேற்கின் வழக்கமான வட்டம்தான். பள்ளத்தாக்குகளின் அழகைப் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள். எங்களை அலைக்கழித்தது ஒரு மணி நேரம். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதல் நாளே நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையிலிருக்கும் ஹூவர் அணையில் அதற்கான எச்சரிக்கை இருந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீரில் நிற்கும் கோபுரங்களில் இரண்டு கடிகாரங்கள்: ஒன்றில் நெவாடா நேரம், இன்னொன்றில் அரிசோனா நேரம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. “ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குடா ரெண்டு?” என்று அம்மா கேட்டார். கோடையில் நெவாடா கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்ளும், அரிசோனா தள்ளாது, அதனால் இப்போது இரண்டும் சேர்ந்து ஓடும் என்று மேதாவி போல விளக்கினேன். அரிசோனாவும் 1967இல் தள்ளிப் பார்த்தது. அந்த வெயிலில் சாயங்காலத்தை இன்னும் ஒரு மணி நீட்டினால் யாருக்குப் பிடிக்கும்? அடுத்த வருடமே கைவிட்டுவிட்டார்கள்.

அம்மா எதையும் தள்ளவில்லை. கையில் கட்டியிருந்த பழைய எச்எம்டியில் ஊர் நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சித்திக்கு எப்போது போன் போடலாம் என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

சையனில் ஷட்டில் பஸ் வரிசை, பிரைஸில் ஜூன் விடியற்காலையிலும் ஸ்வெட்டர், இரண்டு இடத்திலும் அறையில் ரைஸ் குக்கர் சாதம். இரண்டும் இருக்கும் யூட்டா மாநிலம் ஒரு மணி முன்னால் இருப்பதால் கைபேசி தானாகவே மாறிக்கொண்டது. அதை நம்பியதுதான் தப்பு.

பேஜ் ஊர் அரிசோனாவில் இருக்கிறது. ஆனால் யூட்டா எல்லை பக்கத்திலேயே, சுற்றிலும் நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அந்த நிலம் மூன்று மாநிலங்களில் பரந்திருப்பதால் அவர்கள் மட்டும் அரிசோனாவுக்குள்ளும் கடிகாரத்தைத் தள்ளிக்கொள்கிறார்கள். ராத்திரி என் கைபேசி எந்த டவரைப் பிடித்ததோ, ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறை இடுக்கின் வாசலில் 7:40க்கு நிற்கிறோம் என்று நினைத்தால், அங்கே புழங்கும் அரிசோனா நேரப்படி 6:40. எட்டு மணிக்குத்தான் எங்கள் முறை. ஈ காக்கை இல்லை. காரிலேயே புளியோதரையைப் பிரித்தோம். சரி, சீக்கிரம் வந்ததில் நஷ்டமில்லை என்று சிரித்துவிட்டோம்.

கிராண்ட் கேன்யனில் இரண்டு நாள். 1.6 கிலோமீட்டர் ஆழத்தை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நடந்தார், மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு. அங்கே கைபேசி ஒழுங்காக அரிசோனா நேரம் காட்டியது. பேஜில் பட்ட சூட்டால் அதை அப்படியே பூட்டிவைத்தேன், இனி தானாக மாறக்கூடாது என்று. புத்திசாலித்தனம்!

மான்யுமென்ட் வேலியில் சாயங்காலம் ஆறு மணி ஜீப். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்து, நிதானமாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். 6:40. பேஜில் சும்மா கிடைத்த ஒரு மணியை இங்கே வட்டியோடு வசூலித்துவிட்டார்கள். பணம் திரும்பாது. அதைக் குறை சொல்லவும் முடியாது, டிக்கெட்டிலேயே நவஹோ நேரம் என்று போட்டிருந்தது.

மொட்டைமாடி மாதிரியான பார்வை மேடையில் உட்கார்ந்துவிட்டோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்க, எதிரே கையுறை வடிவில் நிற்கும் பாறைகள் செங்கல் நிறத்திலிருந்து கனல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. மகன்தான் பாட்டியின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, பாட்டி வாட்ச்ல அரை மணி கழிச்சா அரிசோனா. அரை மணி கூட்டினா இந்த ஊர். பகலா ராத்திரியான்னு மட்டும் மாத்திக்கணும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரிசோனா நம் ஊருக்குப் பன்னிரண்டரை மணி பின்னால், நவஹோ நிலம் பதினொன்றரை. முள் கடிகாரத்தில் இப்படியும் அப்படியும் அரை மணிதான். ஒன்பது நாளும் சரியான நேரம் பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

“என்னை யாருடா கேட்டா?” என்றார் அம்மா.

பதில் – டென்வர்வாசி:
நீங்கள் ஒரு மணி முன்னால் போனீர்கள், நாங்கள் சரியான நேரத்துக்குப் போயும் உள்ளே விடவில்லை. ஆகஸ்ட் மாதம், தலைக்கு மேல் சொட்டு மேகம் இல்லை. மழை என்று ஆன்டிலோப்பை மூடிவிட்டார்கள். எங்கே மழை என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். நவஹோ வழிகாட்டி 1997ஐச் சொன்னார். அன்றைக்கும் மழை தூரத்தில்தான் பெய்ததாம். வெள்ளம் அந்த இடுக்குக்குள் பாய்ந்து பதினோரு பேர் இறந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

பதில் – ஃபீனிக்ஸ்வாசி:
இதற்கே இப்படியென்றால் டியூபா சிட்டிக்குப் போய்ப் பாருங்கள். அது நவஹோ ஊர். ஒட்டினாற்போல மோயன்கோபி, ஹோப்பி என்ற வேறொரு பழங்குடி மக்களின் ஊர், அவர்கள் கடிகாரத்தைத் தள்ளுவதில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் ஒரு மணி வித்தியாசம். இன்னொன்று, உங்கள் மகனின் கணக்கு மார்ச் முதல் நவம்பர் வரைதான். குளிர்காலத்தில் நவஹோ நிலத்திலும் அரை மணி கழிக்கத்தான் வேண்டும், கூட்டக் கூடாது.

பதில் – எழுதியவர்:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “குளிர்ல யார் வரப்போறா?” என்றார்.