பெரிய டயர் மாத்துனேன், முழுசா ஒடிச்சா உரசுது. வண்டிய உயர்த்துற லிஃப்ட் கிட் இல்லாம வழி இருக்கா?

ஆழியாறு_பக்கம்:
வணக்கங்க. போன வாரம் வண்டிக்கு பெரிய டயர் மாத்துனேன், நேரா போனா ஒண்ணும் தெரியல, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டர்ர்ருனு உரசுதுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ வால்பாறை ஏறணும், 40 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுலயும் அந்த சத்தம் கேட்டா வயித்துல புளியக் கரைக்குது. லிஃப்ட் கிட் வேண்டாங்க, கையில காசும் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி, இப்பவே ஏறி உக்கார கஷ்டப்படுறாங்க. நாளன்னிக்கு கிளம்பணும், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

மண்ரோடு_மதுரை:
என்ன வண்டி ப்ரோ? பழைய சைஸ் என்ன, புது சைஸ் என்ன?

கருப்பு_பிக்கப்:
உரசுறது முன் பக்கமா பின் பக்கமா? முன்னால போறப்பவா, ரிவர்ஸ்லயா?

செனான்_பிரியன்:
இதுக்கு எதுக்கு இவ்ளோ கேள்வி, கீழ படுத்து, முன் சக்கரத்த தாங்குற முறுக்குக் கம்பி, அதான் டார்ஷன் பார், அதோட போல்ட்ட ரெண்டு பக்கமும் சமமா ரெண்டு சுத்து டைட் வைங்க, முன்னாடி தூக்கிரும். நான் அப்படித்தான் செஞ்சேன், அஞ்சு பைசா செலவில்ல.

ஆழியாறு_பக்கம்:
சாரிங்க அவசரத்துல விட்டுட்டேன். இசுசு வி-கிராஸ் 2017. 255/65 ஆர்17 இருந்துச்சு, இப்ப 265/70 ஆர்17 ஏடி, அதாவது தார் ரோடு மண்ரோடு ரெண்டுக்குமான டயர். முன் பக்கந்தான் உரசுது.

பழையகை:
கேக்கும்போதே முழு விவரம் கொடுக்கணும், எத்தன வருஷமா சொல்றேன், யாரும் கேக்குறதில்ல. செனான் தம்பி, உங்க வண்டியில டார்ஷன் பார் இருக்கு சரி, வி-கிராஸ்ல முன்னாடி காயில் ஸ்பிரிங். இல்லாத போல்ட்ட அவர் எங்க போய் டைட் வைப்பாரு? கணக்குக்கு வாங்க. பழைய டயர் உயரம் 763 மி.மீ., புதுசு 803. அரை விட்டத்துல 20 மி.மீ. தான் கூடுது. இந்த சைஸ் லிஃப்ட் இல்லாமலே உக்காரும், வெறும் டயரால மட்டும் இவ்ளோ சத்தம் வராது. வேற என்னமோ மாத்திருக்கீங்க, சொல்லல.

செனான்_பிரியன்:
காயில்னா மேல வளையம் மாதிரி ஒரு ஸ்பேசர் வச்சு தூக்கலாமே.

பழையகை:
தூக்கினாலும் பள்ளத்துல இறங்கி ஸ்பிரிங் முழுசா அமுங்குனா டயர் அதே இடத்துக்குத்தான் வந்து நிக்கும். நிறுத்தி வச்சிருக்கும்போது இடைவெளி தெரியும், அவ்வளவுதான். உரசல லிஃப்ட் தீர்க்கும்னு எவன் சொன்னது?

நாமக்கல்_அலைன்மென்ட்:
சண்ட வேண்டாங்க. தம்பி, ஒரு சாக்பீஸ் எடுத்து முன் டயரோட ரெண்டு ஓரத்துலயும் சுத்தி நல்லா தேச்சு விடுங்க. ஒரு பக்க சக்கரத்த அர அடி திண்டு மேல ஏத்தி நிறுத்தி, இடம் வலம் முழுசா ஒடிச்சு, மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. நின்ன இடத்துல ஒடிச்சுப் பாத்தா மட்டும் போதாது, மலையில ஒரு பக்கம் அமுங்கும்போதுதான் தொடும். அப்புறம் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, வெள்ளை எங்க ஒட்டியிருக்கோ அங்கதான் வில்லங்கம். சக்கரத்தச் சுத்தி உள்ள இருக்குற பிளாஸ்டிக் லைனர்னா ஹீட் கன் வச்சு உள்ள தள்ளிரலாம், மட்ஃபிளாப்னா கழட்டிரலாம். பிரேக் ஹோஸ் பக்கமோ சக்கரத்த மேல பிடிச்சிருக்குற ஆர்ம் பக்கமோ வெள்ள தெரிஞ்சா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. அப்புறம் ஒண்ணு, ரிம் கம்பெனி ரிம்மா?

ஆழியாறு_பக்கம்:
ரிம்மும் மாத்துனேங்க, டயர் கடையில இந்த டயருக்கு அகல ரிம் வேணும்னாங்க. கொஞ்சம் வெளிய தள்ளி நிக்குது, பாக்க நல்லாருக்குன்னு விட்டுட்டேன்.

நாமக்கல்_அலைன்மென்ட்:
அதாங்க விஷயம். ரிம் வெளிய தள்ளுனா டயர் நின்ன இடத்துல திரும்பாது, அரிவாள் மாதிரி வீசித் திரும்பும், முன்னால பம்பர் ஓரத்தையும் பின்னால லைனரையும் போய் தொடும். 265 டயருக்கு 7ல இருந்து 9 இன்ச் ரிம் வரைக்கும் போடலாம், கம்பெனி ரிம்மே தாராளம். பழைய ரிம்முக்கு மாத்தி அலைன்மென்ட் பாருங்க, காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புற அச்சோட சாய்வு, கொஞ்சம் கூட்டச் சொன்னா சக்கரம் கொஞ்சம் முன்ன நகரும், பின்னால இடம் கிடைக்கும்.

மண்ரோடு_மதுரை:
நானும் இதே சைஸ் தான், உரசல் இல்ல, ஆனா மைலேஜ் 12ல இருந்து 11.4க்கு இறங்கிடுச்சு.

பழையகை:
இறங்கல. சுத்தளவு 5 சதவீதம் கூடிருச்சு, 100 கி.மீ. ஓடினா மீட்டர் 95 தான் காட்டும். 11.4ன்னு வந்தா நிஜத்துல 12 தான். இது பள்ளிக்கூடப் பாடம்.

மண்ரோடு_மதுரை:
பாடம் எடுக்க வேண்டாம் சார், நான் ஜிபிஎஸ்ல தூரம் பாத்துத்தான் சொல்றேன். டயர் வெயிட்டு கூட, ஏடி பட்டன் டயர் லேசா உருள மாட்டேங்குது, இழுவையும் குறைஞ்சிருச்சு, மூணாவது கியர்ல ஏறுன இடத்துல ரெண்டாவது போட வேண்டியிருக்கு.

பழையகை:
ஜிபிஎஸ்னா ஒத்துக்கிறேன். முதல்லயே சொல்லியிருக்கலாம்.

கருப்பு_பிக்கப்:
ஸ்டெப்னிய எல்லாரும் மறந்துட்டீங்க. அது இன்னும் பழைய 255 தானே? பஞ்சராகி அத மாட்டுனா ஃபோர் வீல் டிரைவ் போடாதீங்க, ஒரே ஆக்ஸில்ல ரெண்டு சைஸ் ஓடுனா டிஃபரன்ஷியல் சூடாகும், ஃபோர் வீல்ல பல்சக்கரம் முறுக்கிக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் குடுத்துருங்க, வண்டிய மாத்துறதப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவ காட்டி கிளெய்ம் இழுத்தடிப்பாங்க.

செனான்_பிரியன்:
டயருக்கெல்லாம் யாருங்க கேக்குறா, ஆர்சில இருக்குறது இன்ஜின் சேசிஸ் தான்.

கருப்பு_பிக்கப்:
2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, கம்பெனி ஸ்பெக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு. ஆக்சிடென்ட் ஆன பிறகுதான் கேப்பாங்க, அப்ப பேசி பிரயோஜனமில்ல.

செனான்_பிரியன்:
அப்ப ரோட்டுல ஓடுற பாதி ஜீப்ப பிடிக்கணும்.

ஆழியாறு_பக்கம்:
பழைய ரிம்முக்கே மாத்தியாச்சுங்க. சாக்பீஸ் இப்ப மட்ஃபிளாப்புல மட்டும் ஒட்டுச்சு, கழட்டிட்டேன். 40ம் ஏறி வந்தாச்சு, சத்தமே இல்ல. நாமக்கல் அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க.

மண்ரோடு_மதுரை:
சூப்பர் ப்ரோ. காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க? பின்னாடி லோடோட போனீங்களா, காலியாவா?

மண்ரோடு_மதுரை:
ப்ரோ?