தாண்டிக்குடிக் கற்திட்டையும் பொருந்தல் நெல்லும்

கேள்வி: பழனி மலையில் உள்ள தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்து மேட்டில், பாட்டி ‘குள்ளர் வீடு’ என்று சொல்லிவந்த கற்திட்டை (பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, இறந்தோருக்காகப் பழங்காலத்தில் கட்டியது) ஒன்று மூடுகல் சரிந்து நிற்கிறது. உள்ளே தோண்டினால், அதைக் கட்டியவர்கள் வேளாண்மை செய்தார்களா என்பது தெரியவருமா?

மறுமொழி 1: தயவுசெய்து தோண்டாதீர்கள், ஐயா. பானை எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் இருந்தது என்பதே சான்று. மண்வெட்டி பட்டால் அது போயிற்று. மலையடிவாரத்துப் பொருந்தல் என்ற ஊரில் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்ததும், கரிமப் பகுப்பாய்வில் அதற்குக் கி.மு. 490 என்ற காலம் வந்ததும், அங்கே பொறுமையாகத் தோண்டியதால்தான்.

மறுமொழி 2: அது அடிவாரத்து நெல், அதை வைத்து மலைமேலும் நெல் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இங்கே பல கற்திட்டைகள் வெறும் பாறைமீதே நிற்பதால், தோண்ட மண்ணே இராது.

கேள்வி கேட்டவர்: நன்றி. தொல்லியல் துறைக்கு எழுதுகிறேன். அதுவரை காப்பிச் செடியைக்கூட அங்கே நடமாட்டோம்.